சூடு தாங்காத உப்பு

அக்காவின் மைக்கைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதுவரை நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா மவுத் ஆர்கன் வாசிப்பாள். ப்ளூஸ் என்று ஓர் இசை இருக்கிறது. மனசு கனத்துப்போன ஒருவர் தாளம் தப்பாமல் புலம்பினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது. அதை வாசிப்பவர்கள் மைக்கைக் கம்பத்தில் மாட்டுவதில்லை. மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொள்வார்கள். விரல் இடுக்கில் காற்று கசிந்தால் போச்சு. சத்தம் சப்பென்று ஆகிவிடும்.

அக்காவிடம் இருந்தது மிகப் பழைய மைக். அவள் பிறப்பதற்கு முன்பே செய்தது. அதன் இரும்புக் கூடு அவளுடைய முஷ்டியைவிடப் பெரியது. எப்படிப் பொத்தினாலும் சுண்டுவிரல் பக்கம் ஓட்டை விழும். போன வருடம் ஓர் இசைக்குழுவில் ஆள் எடுத்தார்கள். "சத்தம் பத்தலம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை அதே குழுவில் மறுபடியும் ஆள் எடுக்கப் போகிறார்கள். இடம் ஒன்றே ஒன்று.

நான் செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்புக்குப் போகிறேன். எங்கள் பள்ளியின் அறிவியல் அறையில் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தருகிறார்கள். பெரியவர்களும் வருவார்கள். பன்னிரண்டு வயதில் அங்கே நான் ஒருத்திதான்.

"மைக்கோட உள்பாகத்தைக் கழற்றிச் சின்னக் கூட்டுல வச்சுத் தரவா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"உடைச்சிட மாட்டியே?"

"எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துதான் செய்வேன்."

"அதான் எனக்குப் பயமே" என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

பழைய டார்ச் லைட்டின் தலைப்பாகம் அக்காவின் கைக்குக் கச்சிதமாக இருந்தது. உள்பாகம் ஆடாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் செய்தேன். ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வைத்தேன். எல்லாம் சரியாக வந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த உள்பாகத்தில் இருப்பது ஒரு கிரிஸ்டல். டீச்சர் முன்பே எச்சரித்திருந்தார்.

"அது ஒரு வகை உப்பு. சூடு ஆகாது, ஈரம் ஆகாது. ஒயர்ல ஈயம் வைக்கும்போது அதுக்கும் உப்புக்கும் நடுவுல கிளிப் மாட்டு. கிளிப் சூட்டை வாங்கிக்கும். ரெண்டு நொடி, ஒரே ஒரு தடவை. எடுத்துடணும்."

செவ்வாய்க்கிழமை கிளிப்பை மாட்டி, இரண்டு எண்ணி, ஒயரை ஈயத்தால் பற்றவைத்தேன். மைக்கை விரலால் தட்டினேன். டொக், டொக் என்று ஸ்பீக்கரில் கேட்டது.

பக்கத்து மேசையில் ஒரு பஸ் கண்டக்டர் ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் எதையும் திரும்பத் திரும்பச் சோதிப்பேன் என்பதால் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். "அடடா, இன்ஸ்பெக்டர் பாஸாயிட்டாங்க!" என்று கை தட்டினார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஈயம் கொஞ்சம் மங்கலாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. வாசிக்கும்போது ஒயர் பிய்ந்துவிட்டால்? மறுபடி சூடு வைத்தேன். அதற்குள் கிளிப்பைக் கழற்றிவிட்டிருந்தது நினைவுக்கு வரவில்லை. இன்னும் சந்தேகமாக இருந்தது. மூன்றாம் முறையும் வைத்தேன். இப்போது ஈயம் கண்ணாடிபோல் பளபளத்தது.

தட்டினேன். சத்தமே இல்லை.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். எத்தனை தடவை சூடு வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "இதுக்கு வைத்தியம் கிடையாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வரும்போது கண்டக்டர் அண்ணா என் காதருகே குனிந்தார். "அழாதே. பழைய சாமான்தானே? தானாப் போச்சுன்னு சொல்லிடு. வெளியே பார்த்தா யாருக்கும் தெரியாது."

அக்காவிடம், "சத்தம் வரலக்கா, ஏன்னு தெரியல" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவள் கோபப்படவே இல்லை. "ஈரம் ஏறியிருக்கும். பழசு சிலது காய வச்சாத் திரும்ப வருமாம்" என்றாள். செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, அதைத் தேடி எடுத்தாள். டப்பாவில் அதைப் போட்டு, மேலே மைக்கை வைத்து மூடினாள். புதன்கிழமை நான்கு தடவை திறந்து தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், "நாளைக்கு வந்துடும் பாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவள் சனிக்கிழமை காலைவரை இப்படித்தான் தட்டிக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு வேறு வழி தேட நேரமே இருக்காது.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேராக அவளிடம் போனேன்.

"அக்கா, அது காயாது. நான்தான் கெடுத்துட்டேன். கிளிப் இல்லாம மூணு தடவை சூடு வச்சேன். என்னை மன்னிச்சிடு."

அவள் டப்பாவைத் திறந்தபடியே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு நாளா நான் தட்டுறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"மன்னிச்சிடுக்கா" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அவள் டப்பாவை மூடி என் கையில் திணித்தாள். "இனிமே என் சாமானைத் தொடாதே. போ" என்றாள்.

அன்று வகுப்புக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். உடைந்த சாமான்கள் போட்டு வைக்கும் பெட்டியைத் தரையில் கொட்டினேன். பழைய டெலிபோன் ஒன்று கிடைத்தது. நாம் காதில் வைக்கும் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும். அதில் பேசினால் மைக்காகவும் வேலை செய்யும் என்று முன்பு படித்திருந்தோம். அதை டார்ச் கூட்டுக்குள் வைத்தேன். சத்தம் எறும்பு பேசுவதுபோல் இருந்தது.

"இந்தா இன்ஸ்பெக்டர்" என்று கண்டக்டர் அண்ணா தன் ரேடியோவிலிருந்து ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கொடுத்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை. அதை நடுவில் இணைத்ததும் சத்தம் எழும்பியது. கரகரவென்று, தகர டின்னுக்குள் இருந்து யாரோ கத்துவதுபோல.

வெள்ளிக்கிழமை காலை அதை அக்காவின் மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் அவள் அறையிலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை அம்மா சொன்னதால் அக்கா என்னையும் கூட்டிப் போனாள். மரச்சாமான் கடைக்குப் பின்னால் ஓர் அறை. வாசித்துக் காட்ட அக்காவோடு சேர்த்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அக்கா வாசித்தபோது விரல் இடுக்கில் கொஞ்சமும் கசியவில்லை. சத்தம் அறை முழுக்க முட்டியது. குழுவின் தலைவரான டிரம்ஸ்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

அடுத்து ஒருவன் வந்தான். அவன் கையில், நான் கெடுத்தது போலவே ஒரு பழைய கிரிஸ்டல் மைக் இருந்தது. வாசிப்பு சுமார்தான். ஆனால் அந்தச் சத்தம், தூரத்தில் யாரோ தேம்புவதுபோல் இருந்தது.

டிரம்ஸ்காரர் அக்காவிடம் வந்தார். "வாசிப்பு உன்னதுதான் நல்லா இருந்துச்சும்மா. சத்தமும் பத்துச்சு. ஆனா எங்களுக்கு வேண்டியது அந்தப் பழைய குரல்."

அவனை எடுத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் கேட்டால் அழுவேன். நான் அழுதால் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அன்று அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக்கூடாது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் மேசைமுன் உட்கார்ந்தாள். மைக்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"இந்தக் குமிழ் ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஊதிக்கிட்டே திருப்ப முடியல. லூஸ் பண்ணு."

"நானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுப் பூனையா?"

அவள் சிரிக்கவில்லை. மைக்கை என் பக்கமாகத் தள்ளினாள். நான் திருப்புளியை எடுத்து வரும்வரை எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.