பன் அறுக்கும் சத்தம்

தரைக்குள்ளிருந்து யாரோ பன்புல் அறுக்கும் சத்தம் கேட்டது.

றுக்ஸானா தூரிகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். வெளியே நாலு நாளாய் விடாத மாரி மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது, பீலியில் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கியது, குசினியில் மூடாத ஜன்னல் ஒன்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் அடியில், கன்வஸை நிறுத்தி வைத்திருந்த ஹோலின் பளபளக்கும் டைல்ஸுக்குக் கீழே, ஈரத் தண்டுகளில் அரிவாள் இழுபடும் சத்தம். சரக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு சரக்.

வேறு எதனோடும் அதை அவள் குழப்பிக்கொள்ள முடியாது. பதினொரு வருடங்களாக அவள் வரைவதெல்லாம் நீர்நிலமும் வயல்வட்டையும்தான். அட்டாளைச்சேனைக்கு மேற்கே, வயலும் தண்ணீரும் சேரும் இந்தப் பள்ளக் காணியைத்தான் அதிகம் வரைந்திருக்கிறாள். அப்போது இங்கே வீடு இல்லை. ரோட்டோர மதகுப் போக்கில் ஏறிக் குந்தினால் ஆளுயரப் பன்னும், ஆம்பலும், அசையாமல் நிற்கும் கொக்குகளும் தெரியும். நடுவில் சபியா உம்மா இருப்பார். பாய் இழைக்கப் பன் அறுக்க விடியுமுன்னே வந்துவிடும் வயதான மனுசி. முழங்கால் தண்ணீரில், தலையில் வெள்ளைத் துணியோடு, குனிந்தபடியே. தூரத்திலிருந்து வரைவதால் றுக்ஸானா ஒருநாளும் அவருடைய முகத்தை வரைந்ததில்லை.

காணி அவளுடைய மாமனாருடையது. கலியாணத்துக்குப் பிறகு புருசன் றிபாத் அதை நிரப்பப் போகிறேன் என்றபோது அவள் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

“எல்லாரும்தான் நிரப்புறாங்க,” என்றான் அவன். “நாம நிரப்பாம உட்டா ஆமையும் கொக்கும் வந்து நமக்கு வீடு கட்டித் தருமா புள்ள?”

பகலில் கொட்டினால் யாராவது அரசாங்கக் கந்தோருக்கு அறிவித்துவிடுவார்கள் என்று விடியுமுன் வெள்ளாப்பில் டிப்பர்களை வரவழைத்தான். மூன்று நாளில் பள்ளம் மேடானது. சபியா உம்மாவை அதற்குப் பிறகு காணவில்லை. மகளோடு பொத்துவிலுக்குப் போய்விட்டார் என்று றிபாத் சொன்னான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம். ஹோல் சுவரில் மாட்டுவதற்கு, பழைய வரைதாள்களைப் பார்த்து அந்தப் பன்வெளியைப் பெரிதாக வரைந்துகொண்டிருந்தாள்.

சரக்.

கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் சாம்பலாய் உள்ளே விழுந்தது. அவள் வரைதாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேரெதிரே, ரோட்டுப் பக்கச் சுவரோடு போய் நின்றாள். தாளில் இருந்த மருதமரம் எல்லையில் இன்னும் நிற்கிறது. அதற்கு இடப்பக்கம் மின்கம்பம், அதுவும் அப்படியே. ஓவியக்காரியின் பழக்கத்தில் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, மரத்தையும் கம்பத்தையும் தாளோடு பொருத்தினாள். பிறகு சபியா உம்மா எப்போதும் குனிந்து நிற்கும் இடத்தைத் தேடி விரலை இறக்கினாள்.

விரல் வீட்டுக்குள் வந்தது. ஹோலின் நடுவே நின்றது.

அங்கே போய் முழங்காலில் இருந்தாள். டைல்ஸின் இடுக்குகள் கறுத்துக் கசிந்திருந்தன. தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தாள். அழுகிய வேரும் சேறும், மழை நாளில் போக்கிலிருந்து ஏறி வரும் அதே வாடை. குனிந்து கன்னத்தைத் தரையில் வைத்தாள். குளிர்ந்தது. கீழே சத்தம் நெருக்கமாக, அவசரமே இல்லாமல், வேலை பழகிய ஒருவருடைய கை போல ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. றிபாத் சம்மாந்துறை மில்லிலிருந்து நனைந்து வந்திருந்தான். வந்ததும் வராததுமாக டீவியைப் போட ரிமோட்டை எடுத்து அமத்தினான். கரண்ட் இல்லை. மறுபடி அமத்தினான். மறுபடியும்.

குடிவந்த நாளிலிருந்து அவன் செருப்பைக் கழற்றும் முன்னே டீவியைப் போடுவதும், படுக்கையை மாடிக்கு மாற்றியதும் அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கின.

“நீங்களும் கேக்கிறீங்க,” என்றாள்.

“எலி. மழைக்கு எலி வரும்.”

“என்னப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் பார்க்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்தபடி ஹோலின் நடுவுக்கு வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“எழும்பு புள்ள. எங்கட உம்மா வீட்ட போவம். கரண்ட் வந்தாப் பொறகு வரலாம்.”

“சபியா உம்மா பொத்துவிலுக்குப் போகல்ல, என்ன?”

தூரத்தில் மஃரிப் பாங்கு தொடங்கி, காற்றில் கிழிந்து கிழிந்து வந்தது.

“அண்டைக்கு டிப்பர் லைட்டுல வெள்ளையா என்னமோ தெரிஞ்சிச்சி,” என்றான் றிபாத். குரல் அவனுடையதாக இல்லை. “ட்ரைவர் பிரேக் அடிச்சிட்டான். என்ன எண்டு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கொக்கு எண்டன்.”

“கொக்கு எண்டா நினைச்சீங்க?”

“விடிஞ்சி வெளிச்சிரும் போல இரிந்திச்சி புள்ள. கொட்டு எண்டுட்டன்.”

கீழே சத்தம் நின்றது.

அவள் பின்னால் நகர்ந்தாள். கை வழுக்கியது. தரையெல்லாம் ஈரம். இடுக்குகளில் தண்ணீர் ஊறியது. கறுப்பாக. மெதுவாக. ஓசையில்லாமல்.

“இஞ்சால வாங்க,” என்றாள். “அதுல நிக்காதீங்க.”

அவன் அசையவில்லை. தன்னுடைய வெறுங்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு டைல்ஸ் மேலெழும்பியது. ஒரு விரல் அளவு. பிறகு ஒரு சாண். விளிம்பில் சேறு வழிந்தது. உள்ளே இருட்டு.

ஒரு கை வந்தது. இடக்கை. தண்ணீரில் நெடுநாள் ஊறி வெளுத்த தோல். நகங்களுக்குள் டிப்பர் கொட்டிய கிறவல் மண். மணிக்கட்டில் ஒற்றைக் கண்ணாடிக் காப்பு.

அது தேடவில்லை. தடவவில்லை. பன் அறுப்பவர்கள் அரிவாளை வைக்கும் முன் தண்டுகளை அடியில் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பதுபோல, றிபாத்தின் இரண்டு கணுக்கால்களையும் பக்குவமாகச் சேர்த்தது, இறுக்கியது, தன் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடித்தது.