நீட்டிய விரல்

புழுக்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ரத்தப் பரிசோதனை செய்வதால் ஊரே லேப்பக்கா என்று கூப்பிடும் அவள், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, நன்றாகக் கசக்கிவிட்டு, மறுபடி குனிந்து பார்த்தாள். யானைக்கால் நோயின் குட்டிப் புழுக்களை அவள் இன்று நேற்றா பார்க்கிறாள்? புதிதாக எடுத்த ரத்தத்துளியில் அவை துள்ளும், நெளியும், சிவப்பணுக்களை முட்டித் தள்ளும். ஒன்று போகிற வழியில் இன்னொன்று போகாது. இன்றைக்கோ அத்தனையும் தலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வாசலுக்கு முண்டுவதுபோல முண்டிக்கொண்டிருந்தன. அந்த ஸ்லைடை எடுத்து வைத்துவிட்டு இன்னொருவர் ரத்தத்தைப் பார்த்தாள். அதிலும் இடது பக்கம்தான். அடுத்ததிலும் அப்படியே.

மைக்ராஸ்கோப் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். இடது என்று தெரிந்தால் உண்மையில் அது வலது. அவளுக்கு வலது பக்கம் இருந்தது வெறும் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் படுக்கையறை. கொசுவலைக்குள் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிக் குழுவுக்கென்று வாடகைக்கு எடுத்த வீடு அது. கூடம்தான் லேப். ஸ்பிரிட் வாசனையும் கொசுவத்திப் புகையும் ஈரமண் வாடையும் கலந்து, எந்நேரமும் மூக்கில் ஏறும். வெளியே வயல்தண்ணீரில் தவளைகள் ஓயாமல் கத்தும். டாக்டரும் டிரைவரும் வயலைத் தாண்டியுள்ள குடியிருப்பில் வீடு வீடாகப் போய், விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அவ்வப்போது வந்து ஸ்லைடுகளைக் கொடுத்துவிட்டுப் போவான். இது ராத்திரியில் மட்டுமே செய்யக்கூடிய வேலை. பகலெல்லாம் இந்தக் குட்டிப் புழுக்கள் உடம்பின் ஆழத்தில் பதுங்கிக் கிடக்கும். ஆள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் தோலுக்கு அடியில் வரும். அந்த ஆள் கடல் கடந்து, பகல் ராத்திரியாக இருக்கிற தேசத்துக்குப் போனாலும், சில நாட்களில் அங்கே அவன் தூங்கும் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கண்ணும் காதும் இல்லாத ஜந்துவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி.

அவள் டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், ஸ்லைடுல எல்லாப் புழுவும் ஒரே பக்கமா போகுது."

"டேபிள் சாய்ஞ்சிருக்கும். காலுக்கு ஒரு அட்டை வையுங்க."

"வேற வேற ஆளோட ரத்தம், டாக்டர்."

"ஒரே ஊர்க்காரங்கதானே, ஒத்துமையா இருந்துட்டுப் போகட்டும்!" டாக்டர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு கொட்டாவி விட்டார். "இங்கயும் இன்னைக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி தூங்கிட்டாங்க. விரலைக் குத்தினாக்கூட முழிக்கலை. எனக்கே கண்ணைச் சொருகுது."

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஸ்லைடை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தாள். புழுக்கள் கொஞ்ச நேரம் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றாக உடம்பை வளைத்து, பழையபடி அதே சுவரைப் பார்த்துத் திரும்பின.

 தொழில் புத்தி விடவில்லை. மைக்ராஸ்கோப்பைப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, படுக்கையறையைக் கடந்து, அதற்கு அடுத்த சமையலறைக்குப் போனாள். மேடையில் வைத்து, அதே ஸ்லைடைப் பொருத்தி, கூடத்தில் உட்கார்ந்த அதே திசையைப் பார்த்தபடி நின்று குனிந்தாள்.

இப்போது எல்லாம் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

கூடத்திலிருந்து வலப்பக்கம். சமையலறையிலிருந்து இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு அறை.

மகளை இங்கே கூட்டி வந்திருக்கக் கூடாதுதான். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான், கரைக்கு வர மாசக்கணக்காகும். சாதுவான பிள்ளையாக இருந்தாலாவது யாரிடமாவது விடலாம், இது வாய் ஓயாத வாலு. வந்த இடத்தில் அந்த வாலுதான் ராத்திரியில் நடத்தும் ரத்தப் பரிசோதனை முகாமுக்கே பேருதவியாகிவிட்டது. ஊசியைக் கண்டாலே ஊர்ப் பிள்ளைகள் ஓட்டம் பிடித்தன. ஒருநாள் லேப்பக்கா மகளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, "இங்க பாருங்க, இவ அழறாளா?" என்று எல்லார் முன்னாலும் அவளுடைய மோதிர விரலைக் குத்திக் காட்டினாள். மகள் மற்ற விரல்களை மடக்கி, அந்த ஒரு விரலை மட்டும் நீட்டி, "இப்படித்தான் குடுக்கணும்!" என்று அதட்டினாள். கூட்டம் சிரித்துக்கொண்டே விரலை நீட்டியது. அன்றிலிருந்து அவளுக்குக் குட்டி டாக்டர் என்று பேர். முகாம்தோறும் முதல் துளி அவளுடையதுதான். அந்தத் துளியைப் பஞ்சால் துடைத்துப் போடுவார்களே தவிர, ஒருநாளும் ஸ்லைடில் வைத்துப் பார்த்ததில்லை. சொந்தப் பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?

லேப்பக்கா கண்ணை எடுக்காமல் நின்றாள். பக்கத்து அறையில் கொசுவலை சரசரத்தது. சின்னப் பாதங்கள் தரையில் பதியும் சத்தம். பத், பத், பத். சத்தம் அறையை விட்டு வெளியே வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது. மைக்ராஸ்கோப்பில் அத்தனை புழுக்களும், கடிகார முள்ளைப்போல, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பின.

"அம்மா, தண்ணி."

தூக்கி வாரிப் போட்டது அவளுக்கு. தலை கலைந்து, பாதிக் கண் மூடி, மகள் வாசற்படியில் நின்றாள். லேப்பக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மகள் போய்ப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

இனி பார்க்காமல் இருக்க முடியாது. லேப்பக்கா ஊசியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு கொசுவலைக்குள் போனாள். 

"பாப்பா, விரலைக் குடும்மா."

தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமலே, மகள் மோதிர விரலை நீட்டினாள். குத்தியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை.

அந்தத் துளியை எடுத்துப் போய்ப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, ஓரத்திலிருந்து ஓரமாக. மறுபடி முதலிலிருந்து. மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை. ரத்தம் கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுகையினூடே சிரிப்பும் வந்தது. விடிந்ததும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான், ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

போன் அடித்தது. டிரைவர்.

"அக்கா... கதவைச் சாத்துங்கக்கா."

"என்னாச்சு?"

"எல்லாரும் எழுந்து போறாங்க. கண்ணை மூடிக்கிட்டே போறாங்க. கூப்பிட்டா திரும்பலை, பிடிச்சு நிறுத்தினா இழுத்துக்கிட்டுப் போறாங்க."

"டாக்டர் எங்க?"

"அவரும்தான் போறார்."

"எங்க போறாங்க?"

டிரைவர் மூச்சு வாங்கினான். "உங்க பக்கம்தான்."

அவள் ஓடினாள். வாசற்கதவு. தாழ்ப்பாள். சமையலறைக் கதவு. படுக்கையறை ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, ஆனால் ஒரு கதவு எப்போதும் சரியாக மூடாது. அந்த இடுக்கின் வழியே வயல் தெரிந்தது. வரப்பில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. டாக்டர் நெற்றியில் கட்டியிருக்கும் டார்ச். அதன் பின்னால் தண்ணீரில் கால்கள் இறங்கி ஏறும் சத்தம். பேச்சு இல்லை. இருமல்கூட இல்லை.

வந்தார்கள். ஜன்னலை ஒட்டி நின்றார்கள். கிழவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், முகாமில் ஓட்டம் பிடித்த பிள்ளைகள். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. மார்பு தூங்குகிறவர்களைப்போல நிதானமாக ஏறி இறங்கியது. முன்னால் டாக்டர், வாய் லேசாகத் திறந்தபடி.

ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். மற்ற விரல்களை மடக்கினார்கள். மோதிர விரலைக் கம்பி வழியாக நீட்டினார்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சொட்டு.

"போங்க!" என்று அலறினாள். "எம் பொண்ணுகிட்ட ஒண்ணும் இல்லை! நான் பார்த்துட்டேன்! அவ ரத்தம் சுத்தமா இருக்கு!"

சுத்தமா இருக்கு.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்னும் ஒரு புழுகூடக் குடியேறாத உடம்பைத்தான் அவை தேடி வந்திருக்கின்றன.

கட்டிலில் ஏறி மகளை உடம்பால் மூடிக்கொண்டாள். வலது கையால் இறுக்கி அணைத்தாள். இடது கையாலும் அணைக்கப் பார்த்தாள்.

இடது கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அது தானாக உயர்ந்திருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மோதிர விரல் மட்டும் நின்றது. அந்த விரலை யாரும் குத்தவில்லை. இத்தனை பேர் ரத்தத்தைப் பார்த்தவள், தன் ரத்தத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நுனியில் தோல் மெல்லப் பிளந்தது. ஒரு சொட்டு திரண்டது.

வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும் பின்னால் இழுத்தாள். அது நிதானமாக முன்னே போனது.

"பாப்பா, முழிச்சுக்கோ. பாப்பா!"

அம்மாவின் குரல் தூக்கத்துக்குள் எங்கோ கேட்டிருக்க வேண்டும். மகள் லேசாகச் சிரித்தாள். பிறகு, பழகிப்போன பழக்கத்தில், மற்ற விரல்களை மடக்கி, குத்திய காயம் இன்னும் மூடாத அந்த விரலை அம்மாவின் விரலுக்கு எதிரே நீட்டினாள்.