மிருதுளா தேர்ந்தெடுத்த காது

காது வைத்துக்கொள்ள நாள் குறித்தாகிவிட்டது. எந்தக் காது என்பதுதான் மிருதுளாவுக்கு இன்னும் முடிவாகவில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் உள்ள ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் பொறியாளர் அவள். இரைச்சலிலேயே கழிந்த வேலையில் இடது காது எப்போதோ போய்விட்டது. இந்த ஆண்டு வலது காதும் மங்கத் தொடங்கியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டாள்.

ஊரே செவிமணி அணிந்து திரிந்த காலம் அது. பட்டாணி அளவுக் கருவி. காது கேளாதவர்களுக்காக வந்தது. நாளடைவில் நன்றாகக் கேட்பவர்களும் கைக்கடிகாரம்போல அதை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். மிருதுளாவின் சோதனைக்கூடத்தில் மட்டும் அதற்கு அனுமதியில்லை; அதனால் அவள் அதை மாட்டிப் பழகவேயில்லை. அதை மாட்டிக்கொண்டு கேட்டால் பழுதான மோட்டார்கூட நல்ல மோட்டாரைப் போலவே கேட்கும். ஏன் அப்படி என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை.

இப்போது அவளுக்கு வெளியே மாட்டும் மணி போதாது. எலும்புக்குள் பதிக்க வேண்டும்.

"கருவி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்கம்மா. உள்ளே எது ஓடணும்னு நீங்கதான் சொல்லணும். வேரா, தளிரா?" என்று கேட்டார் செவி மருத்துவர் ஷாமிலி.

எல்லாச் செவிமணிகளுக்குள்ளும் இருப்பது கணினிகளை இயக்கும் பழைய லினக்ஸ் மென்பொருளின் கருதான். அதைச் சுற்றித் தன்னார்வலர்கள் கட்டி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்தது 'வேர்' என்ற மூல வழங்கல். ஆனால் அது மொட்டையாக வரும். ஒவ்வொரு ஒலியையும் நாமே திருத்தி அமைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் உலகமே தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். அந்த வேரையே எடுத்து, மெருகேற்றி, எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்து ஒரு நிறுவனம் வெளியிட்ட கிளை வழங்கல் 'தளிர்'. மாட்டியவுடன் கேட்கும். ஊரில் பெரும்பாலோர் காதில் ஓடியது தளிர்தான்.

அவள் கணவர் கவினின் காதிலும் அதுதான். நூற்பாலை வேலையில் செவி போய், மூன்று ஆண்டுகளுக்கு முன் பதித்துக்கொண்டவர்.

"யோசிக்கவே வேண்டாம் மிருது, தளிரைப் போட்டுக்கோ. எனக்கு இப்பெல்லாம் குக்கர் விசில்கூட இனிமையாக் கேட்குது" என்றார்.

திறந்து பார்க்காத மோட்டாருக்குச் சான்று கொடுத்துப் பழக்கமில்லாதவள் மிருதுளா. செவிமன்றத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள்.

செவிமன்றத்தைப் போல மரியாதையான இடம் இணையத்தில் வேறு கிடையாது. முன்பு அப்படியில்லை. வேர்க்காரர்களும் தளிர்க்காரர்களும் அடித்துக்கொண்டதில், கேள்வி கேட்க வந்தவர்கள் பயந்து ஓடிப்போனார்கள். அப்புறம்தான் மன்றத்தை நடத்தியவர்கள் 'இங்கிதன்' என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். யார் எதை எழுதினாலும் அது முதலில் இங்கிதனிடம் போகும். யார் மனமும் நோகாதபடி அது திருத்தி எழுதிய பிறகே மன்றத்தில் வரும். அன்றிலிருந்து அங்கே ஒரு சண்டை கிடையாது.

'என் கணவர் மூன்று ஆண்டுகளாகத் தளிர் வைத்திருக்கிறார். நான் வேர் போடலாமா, தளிரே போதுமா?' என்று மிருதுளா எழுதினாள். பதில்கள் மளமளவென்று வந்தன. இரண்டும் அருமையானவை. உங்கள் தேவையைப் பொறுத்தது. எதைத் தேர்ந்தாலும் வாழ்த்துகள்.

கரட்டாண்டி என்ற பெயரில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். 'நல்ல கேள்வி, பொறுமையாக முடிவெடுங்கள்' என்றார். சற்று நேரத்தில் மறுபடியும், 'அவசரமில்லை, நிதானமாகச் சிந்தியுங்கள்.' நான்காவது தடவையும் அதையே சொன்னபோது மிருதுளாவுக்கு உறுத்தியது. அவசரமில்லை என்று சொல்வதற்கு ஒரு மனிதர் இவ்வளவு அவசரமாகவா ஓடி வருவார்?

எழுதியவரும் படிப்பவரும் சம்மதித்தால் பதிவின் மூல வடிவத்தைக் காட்டலாம் என்று மன்றத்தில் ஒரு விதி உண்டு. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மனம் புண்பட்டால் மன்றம் பொறுப்பல்ல என்ற எச்சரிக்கைக்கு அவள் சம்மதம் சொன்னாள். கரட்டாண்டி அதற்காகவே காத்திருந்ததுபோல் உடனே சம்மதித்தார். திரை மாறியது.

'அட கூறுகெட்ட பொம்பளையே! தளிரைப் போடாதேன்னு நாலு தடவை கத்திட்டேன், உன்ற மண்டையில ஏறுதா இல்லையா? அதுக்குள்ள மென்செவின்னு ஒண்ணு இருக்கு. இரைச்சலைக் குறைக்கறதுன்னு எழுதியிருப்பானுக. மண்ணாங்கட்டி! இங்கிதனேதான் அது. இங்கே எழுத்துல பண்றதை அங்கே காதுல பண்ணுது. எதிர்ல இருக்கறவன் திட்டுனா, அவன் குரல்லயே நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லும். வேரைப் பிரிச்சுப் பாத்தவன் நான், அதுல இந்த எழவு கிடையாது. உன்ற புருசன் மூணு வருசமா நீ பேசுனதை ஒழுங்காக் கேட்டிருப்பான்னு நெனைக்கறே?'

மிருதுளாவின் முகம் சூடாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் இப்படித் திட்டி அவள் படித்ததில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் அந்த மன்றத்திலேயே அவர் ஒருவர்தான். மறுபடியும் ஒரு முறை படித்துவிட்டு எழுந்தாள்.

கவின் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் போய் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நீங்க ஒரு உதவாக்கரை."

கவின் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, இதென்ன பெரிய உதவி மிருது? பீன்ஸ்தானே!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. வால்பாறை ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பல வாரங்கள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சொன்னாள். "இனி உங்களோட இருக்க முடியாதுங்க. பிரிஞ்சிரலாம்." கவின் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். "சரி மிருது. நானே நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவள் வக்கீலைப் பார்க்கத்தான் என்று நினைத்தாள். மறுநாள் வண்டி வால்பாறைக்குப் போனது. அங்கே ஓயாத மழை. தேயிலைச் சரிவைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்க, அவர் சூடாக எதையாவது வாங்கி வந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் ஒரு சுடுசொல் சொல்லவில்லையே, இவ்வளவு பெரிய மனதா இந்த மனுஷனுக்கு என்று அவள் உருகிப்போனாள். அந்தப் பெரிய மனதுக்காகத்தான் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, அன்னைக்கு வால்பாறைக்கு எதுக்குப் போனோம்?"

"நீதானே சொன்னே? வீட்லயே இருக்க முடியலைங்க, எங்கயாவது போயிரலாம்னு."

அவர் மறுபடியும் பீன்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைங்க. பிரிஞ்சிரலாம்னு சொன்னேன்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

"ஆமா ஆமா, மறுபடியும் ஒருக்கா போயிட்டு வரலாம்" என்று தலையைத் திருப்பிச் சொன்னார் கவின்.

எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் அது அவள் வாயால் சொன்ன வார்த்தை. அவர் காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வேரைப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரங்களில் மனிதர் பேசுவதெல்லாம் கரண்டிகள் கீழே விழுவதுபோல் கேட்டது. ஒவ்வொரு ஒலியாகத் திருத்தி, மெல்ல மெல்ல ஊரை மீட்டெடுத்தாள். மீண்டு வந்த ஊர் அவளைத் திகைக்கவைத்தது. கண்டக்டர் சிரித்த முகத்தோடு, "ஏறித் தொலைங்க சனியன்களே" என்றார்; ஏறியவர்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். வங்கியில் வேலை பார்த்த பெண், எதிரில் நின்ற வாடிக்கையாளரைப் புழு என்றாள். அவர் தலையாட்டி வணங்கிவிட்டுப் போனார். வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசும் ஊர் என்று பெயரெடுத்த கோயம்புத்தூர் அது. யாரும் யாரையும் புண்படுத்துவதற்காக அப்படிப் பேசவில்லை. எப்படிச் சொன்னாலும் புண்படாது என்று ஆகிவிட்டதால், அவள் காது மங்கியிருந்த காலத்துக்குள் நாக்கைப் பிடித்து வைக்கும் வேலையை எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். தாங்கள் என்ன பேசுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய குரலையும் அந்தக் காது வழியாகத்தானே அவர்கள் கேட்கிறார்கள்!

கவினும் அப்படித்தான் ஆகியிருந்தார். "காபியை வெச்சுத் தொலைச்சியா, இல்லையா?" என்று கொஞ்சும் முகத்தோடு கேட்டார்.

அவர் காதில் பொய் ஓடுகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த வாக்கியமும் இனிப்பாகித்தான் போய்ச் சேரும். யோசித்து, மென்செவி கை வைக்கத் தேவையில்லாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி காது இருந்தா நல்லா இருக்குமுங்க."

"அதுக்கென்ன, மாத்திட்டாப் போச்சு!" என்றார் கவின்.

அவரும் வேருக்கு மாறி, அது பழகி, குரல்கள் குரல்களாகக் கேட்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிருதுளா அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். அன்று மேசையில் சொன்னதை, அதே வார்த்தைகளில்.

கவின் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் கையைப் புடிச்சேனே, அதை என்னன்னு நெனச்சே?"

"உங்களுக்குப் பெரிய மனசுன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!" கவின் எழுந்துவிட்டார். "பொண்டாட்டி ஆசையாக் கேட்டான்னு கூட்டிட்டுப் போனேன். இத்தனை நாள் என்னையக் கிறுக்கனாட்ட உக்கார வெச்சிருக்கே!"

"நான் எங்கே உக்கார வெச்சேன்? எதுவுமே கேட்காத காதை நீங்கதானே வாங்கி மாட்டிக்கிட்டீங்க? அதுக்கு முன்னாடியும் நான் சொன்னதை எப்ப கேட்டீங்க?"

அதற்குப் பிறகு இருவருக்கும் அடங்கவில்லை. தாராபுரத்து மாமியார் வீடு, மகளின் படிப்பு, பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாண வீட்டு அவமானம் என்று எல்லாம் வெளியே வந்தன. கத்தினார்கள். அவள் அழுதாள். அவர் கதவை அறைந்துவிட்டு வெளியே போய், உடனே உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விளக்குப் போடும் நேரத்தில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"இப்பவும் அப்படித்தானா? பிரியணுமா?" என்றார் கவின், தரையைப் பார்த்து.

மிருதுளா, வாயில் வந்த முதல் வார்த்தையை விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள்.

"தெரியலைங்க. இன்னைக்குத்தானே நீங்க பேசி நான் கேட்டிருக்கேன். இன்னும் கொஞ்சம் பேசுங்க."

மறுநாள் காலை அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ரித்திகா குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். செவிமணி அவள் காதில் பளிச்சென்றிருந்தது.

"ஏனுங்கக்கா, நேத்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அப்படிக் கொஞ்சிட்டிருந்தீங்க! தெருவுக்கே கேட்டுச்சுங்க. இந்த வயசுல இவ்வளவு ஆசையான்னு நானும் அவரும் பேசிக்கிட்டோம்."

மிருதுளாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்களுக்கும் அப்படித்தானுங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு சண்டை கிடையாது" என்றாள் ரித்திகா. கூடையைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டில் ஒரு கட்டுப் போட்டிருந்தது.

அப்போது எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. மிருதுளாவின் காதில் அது எந்தத் திருத்தமும் இல்லாமல் விழுந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? நேத்து கையோட விட்டது தப்பு, காலையும் ஒடிச்சுப் போட்டாத்தான் நீ வீட்ல கெடப்பே!"

ரித்திகா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் வெட்கத்தில் சிவந்தது.

"பாத்தீங்களாக்கா? ரெண்டு நிமிசம் காணோம்னா தேட ஆரம்பிச்சிருவாரு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

மிருதுளா கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்தாள். "ஏனுங்க, சீக்கிரம் வாங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டினாள். ரித்திகா திறந்தால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும். எப்படிச் சொன்னால் அது அந்தக் காதுக்குள் போய்ச் சேரும் என்பதுதான் தெரியவில்லை.