அணைத்து வைத்த வாசல் விளக்கு

சுவிட்சின் மேல் காலையிலேயே வெர்னா ஒட்டிவைத்த டேப் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் முன்வாசல் விளக்கு எரிந்தது.

தீயணைப்பு நிலையத்தின் ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கையோடு காற்று ஒரு தரம் மரங்களைப் பிடித்து உலுக்கியது. உடனே ஹிக்கரி சாலை முழுவதும் கரன்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜின் முனகல் நின்று, அடுப்புக் கடிகாரத்தின் பச்சை எண்கள் மறைந்து, ஈரச் சருகின் வாசனையும் எங்கோ மூட்டிய விறகின் புகையும் மட்டும் வீட்டுக்குள் மிஞ்சியிருந்தபோது, கதவின் மேல்பக்கக் கண்ணாடி வழியாக அந்த மஞ்சள் வெளிச்சம் உள்ளே வந்து அவள் காலடியில் விழுந்தது. தெருவிலேயே வெளிச்சமுள்ள ஒரே வீடு இப்போது அவளுடையதுதான்.

மற்ற நாளில் இதற்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் இன்று ஹாலோவீன். விளக்கு எரிந்தால் வா, அணைந்திருந்தால் போ. நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட அந்த ஊரில் இது தெரியும். ஆறு மணிச் சங்குக்கும் எட்டு மணிச் சங்குக்கும் நடுவே, பேயும் சூனியக்காரியுமாக வேஷம் கட்டிய பிள்ளைகள் மிட்டாய் வாங்கத் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு, எரிகிற விளக்கைப் பார்த்துத்தான் படியேறுவார்கள்; கதவைத் தட்டி "மிட்டாயா, குறும்பா?" என்பார்கள்.

"ராய்ஸ்! வாசல்ல லைட் எரியுது!"

அவள் புருஷன் டார்ச்சோடு நிலவறைப் படியேறி வந்தான். "எரியட்டுமே. சார்ஜ் பல்பு அது. ஜூலைப் புயலுக்கு அப்புறம் நான்தானே மாட்டினேன். கரன்ட் போனா தானா எரியும்."

"நான் சுவிட்ச அணைச்சு டேப்பு போட்டிருக்கேன்."

"மலிவுச் சரக்கு. சுவிட்சு பேச்சையெல்லாம் அது கேக்காது. கழட்டினாத்தான் அணையும்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. வாங்கி வந்த அன்று சமையலறை நடுவே நின்று, வெறும் கையில் அந்தப் பல்பைப் பிடித்து எரியவைத்துக் காட்டி, "உசிருள்ள கை பட்டாப் போதும், பாரு!" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான். அவளும் சிரித்திருந்தாள்.

"அப்பக் கழட்டு. இப்பவே."

"யாருடி வரப்போறா? இந்த வருஷம் பிள்ளைங்க பூராவும் சர்ச்சு வாசல்ல இருக்கு. கார் டிக்கியத் திறந்துவெச்சு அங்கயே மிட்டாய் குடுக்கறாங்க. நம்ம தெருப்பக்கம் யாரு பிள்ளைய அனுப்புவா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏன் அனுப்ப மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் வெர்னாவுக்குத் தெரிந்தது முழுவதும் ராய்ஸுக்குத் தெரியாது.

போன வருஷம் ஏழரைக்கே மிட்டாய் தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவள் அவள். "ஆளுக்கு ஒண்ணுதான்" என்று அங்கே அதட்டிய அதே குரலில்தான் வீட்டு வாசலிலும் கொடுப்பாள். அப்படியும் பற்றவில்லை. விளக்கை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ராய்ஸ் நிலவறையில் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போது கதவு தட்டப்பட்டது.

"தீர்ந்துபோச்சு! லைட்டு அணைஞ்சிருக்கே, தெரியல?" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

மறுபடியும் தட்டல். "ஆன்ட்டி, திறங்க! ஆன்ட்டி!" அப்புறம் ஒரு அலறல். அன்று ஊரே வேஷத்துக்கு அலறுகிற நாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம் என்று சலித்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். பதினொரு தட்டல். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எட்டு மணிச் சங்குக்குப் பிறகு கதவைத் திறந்தவன் ராய்ஸ். தேனீ வேஷம் போட்ட டெஸ்ஸா என்ற பிள்ளை படியில் செத்துக் கிடந்தாள். ஏழு வயது. அடுத்த தெரு ப்ரூயெட்டின் இரண்டு நாய்களும் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்திருந்தன. காவலர்கள் அவற்றை வாய்க்கால் ஓரத்தில் சுட்டுப் புதைத்தார்கள். கதவின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் நகம் கீறிய தடங்களை ராய்ஸ் தேய்த்து எடுத்துப் பச்சை பெயின்ட் அடித்தான். "கொல்லைப்பக்கம் இருந்தேன், ஒண்ணும் கேக்கல" என்று போலீஸிடம் வெர்னா சொன்னாள். புருஷனிடமும் அதையேதான் சொன்னாள். ஒரு வருஷமாக அந்தப் பொய் அவள் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தா, கழட்டிட்டு வந்துடறேன்" என்று ராய்ஸ் ஏணியைத் தூக்கினான். "கதவப் பூட்டிடாத. ரெண்டே நிமிஷம்."

அவன் வெளியே போனதும் அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஏணி பலகைத் தரையில் உராய்ந்தது. அவன் மூச்சு வாங்குவதும், பல்பு கீச் கீச்சென்று சுழல்வதும் கேட்டன. கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் இரண்டு முறை துடித்து அணைந்தது. வெர்னா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அப்பாடா. இனி யாரும் வர முடியாது.

அப்போதுதான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. தார் ரோட்டில் சங்கிலி இழுபடும் சத்தம். மெதுவாக, ஒரே சீராக வந்தது. பிறகு இன்னொரு சங்கிலி. நனைந்த நாயின் ரோமம் நாறும் நாற்றம் கதவடியில் கசிந்து வந்தது. கூடவே பழைய இரத்தத்தின் துரு வாடை.

"யாரு வீட்டு நாய் இது?" என்றான் ராய்ஸ். பிறகு, குரல் மாறி, "ஏய். போ. போ அந்தப்பக்கம்!"

ஏணி சாய்ந்தது. கனமாக ஏதோ விழுந்தது. உறுமல் ஒன்றல்ல, இரண்டு. துணி கிழிந்தது. துணி மட்டும் கிழியவில்லை.

"வெர்னா! கதவு! கதவத் திறடி!"

தட்டல். ஒன்று. இரண்டு.

அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. இழுத்தால் போதும். விரல் அசையவில்லை. இது அவன் குரல் இல்லை, அந்தப் பிள்ளையின் வேலை, திறந்தால் அவள் உள்ளே வந்துவிடுவாள் என்று மனசு பிதற்றியது. பொய். அவனுடைய குரல்தான். அவளுக்குத் தெரியும்.

ஐந்து. ஆறு. கதவு அதிர்ந்தது. எலும்பு முறிவது சுள்ளி ஒடிவதுபோலக் கேட்டது. அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அறுபத்திரண்டு வயது மனுஷன்.

ஒன்பது.

பத்து.

பதினொன்று.

அப்புறம் ஒன்றுமில்லை. எதையோ நக்கும் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கால் விரல்களில் சூடாக ஈரம் பட்டது. கதவின் கீழிருந்து வந்தது. அந்த ஈரம் பளபளத்தது. இருட்டில் எப்படிப் பளபளக்கும்?

கதவடியில் மஞ்சள் வெளிச்சம்.

கூரையிலிருந்து வரவில்லை. தாழ்வாக, ஒரு பிள்ளையின் கை உயரத்தில் ஆடியபடி நின்றது.

மெல்ல, மரியாதையாக, ஒரே ஒரு தட்டல்.

"மிட்டாயா, குறும்பா?"

"தீர்ந்துபோச்சு" என்றாள் வெர்னா. "லைட்டு... லைட்டு அணைஞ்சிருக்கு, கண்ணு."

"இல்லையே ஆன்ட்டி. எரியுதே."

எரிந்தால் வா. அதுதான் அந்த ஊர் வழக்கம். அசையாத விரல் இப்போது தானாக அசைந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

கறுப்பும் மஞ்சளுமாக வரிபோட்ட சட்டை. ஒற்றைச் சிறகு. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பற்கள் தெரிந்தன. இரண்டு பக்கமும் நாய்கள், மூக்கு நனைந்து, சொன்னபடி கேட்கும் பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், படிமேல் கிடந்ததை வெர்னா பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள்.

டெஸ்ஸா தலையணை உறையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். அது உள்ளிருந்து ஒளிர்ந்தது. அடியிலிருந்து சொட்டியது. துணியில் ஐந்து விரல்களின் நிழல் தெரிந்தது.

"நானே கொண்டாந்துட்டேன், ஆன்ட்டி. நீங்க எடுத்துக்கோங்க" என்றாள். உறையின் வாயை விரித்தாள். "ஆளுக்கு ஒண்ணுதான்."

மணிக்கட்டோடு ராய்ஸின் கை. கல்யாண மோதிரம். விரல்கள் பல்பை இறுகப் பிடித்திருந்தன.

பிடி தளர்ந்தது, பல்பு அணைந்தது. பிடி இறுகியது, எரிந்தது.