வாய்வழி மருந்து

மேசையின் தலைப்பக்கத்தில் தலைமை மருத்துவர். அவருக்கு வலப்புறம் மருந்தக அதிகாரி, இடப்புறம் மேட்ரன். கதவோரமாக, நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தவள் மூன்றாம் வார்டு நர்ஸ். ஆட்கள் இவ்வளவுதான். யாரும் உள்ளே மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. ஆனாலும் அறையில் சிவப்புச் சிரப்பின் வாசனை அடித்தது.

மூக்குக் குழாயில் போக வேண்டிய சிரப்பை ஊசி சிரிஞ்சில் இழுத்து, முந்தின இரவு ஒரு கிழவரின் கை நரம்பில் ஏற்றிவிட்டவள் அவள்தான். பல்லில்லாத அந்தக் கிழவர் விடிவதற்குள் போய்விட்டார். மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்பதுதான் பேச்சு.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கவனமா இருந்தா போதும்," என்றார் மருந்தக அதிகாரி.

"வாய்மருந்துக்குத் தனி சிரிஞ்சு கேட்டு எழுதுங்க சார். அது நரம்புக் குழாயில மாட்டவே மாட்டாது. தூக்கக் கலக்கத்துலகூடத் தப்பு நடக்காது," என்றாள் நர்ஸ்.

"கேட்டா, தப்பு நடந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி," என்றார் மருத்துவர். "இயற்கை மரணம். எழுதியாச்சு."

"பக்கத்துக் கட்டில்காரருக்கும் இன்னிக்குச் சாயங்காலம் அதே மாதிரி சிரிஞ்சுலதான் குடுக்கணும் சார்..."

"வேலை வேணுமா வேணாமா, பொண்ணே?" மேட்ரன் அந்தக் கடிதத்தைக் கையெழுத்துக்காக அவள் பக்கம் நகர்த்தினார்.

வாசனை கெட்டிப்பட்டது, வியர்வையும் புளித்த எச்சிலும் கலந்து தொண்டைக்குள் வழுவழுவென்று இறங்கியது, மருத்துவர் குடித்து வைத்த தண்ணீர் டம்ளரிலிருந்து அவர் கீழுதடு வரை சிவப்பாக ஒரு நூல் நீண்டு, அறுபடாமல் ஆடிக்கொண்டிருந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களும் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் எச்சிலை விழுங்கினாள். இனித்தது.

கையெழுத்துப் போட்டாள். பேனா விரலோடு ஒட்டியது. பிய்த்து எடுத்தாள்.

"ஒட்டிக் குடும்மா. ஆள் காத்திருக்கான்," என்று மேட்ரன் கடிதத்தை உறையிலிட்டு நீட்டினார்.

உறையின் மடிப்பை நாக்கில் வைத்தாள். பசை வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாகவும்.

அசைந்தது.

உறைக்குள்ளிருந்து ஏதோ அவள் நாக்கைத் திருப்பி நக்கியது. மெதுவாக. தடிப்பாக. பால் குடிக்கும் குழந்தைபோலச் சப்பியது. பல் எதுவும் படவில்லை.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, மடிப்பை அழுத்தி ஒட்டினாள்.

வாசலில் நின்ற அட்டெண்டர் வாங்கிக்கொண்டார். "கனக்குதே சிஸ்டர்!" என்று சிரித்தபடி படியிறங்கினார். கீழே தபால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

உறை போய்விட்டது. நக்கியது மட்டும் போகவில்லை. மூடிய வாய்க்குள், அவளுடைய நாக்கின் மேல், வெதுவெதுப்பாகப் படுத்துக் கிடந்தது.