சுவர்ப்பக்கம்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மனைவியைச் சுவரைப் பார்க்கப் படுக்க வைத்துவிட்டுப் போனார் டைம்கீப்பர். இரண்டு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தால், அவள் வாசல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கண் இரண்டும் திறந்திருக்கின்றன.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை, வலது கால் வெறும் விறகுக்கட்டை. பேச்சும் போச்சு. ஐந்தாம் நாளே, "அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணும் சார், வீட்ல வெச்சுப் பார்த்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தாள்: எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் நின்று, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், தன் பக்கமாக இழுக்கணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். புரட்டியதும் தாளில் ஒரு டிக்.

மனுஷர் முப்பது வருஷமாய் பஸ் ஸ்டாண்டில் ஓடாத டிரிப்புக்கெல்லாம் டிக் போட்டவர். காலை டீ ஆறுவதற்குள் அன்றைக்கான பன்னிரண்டு கட்டத்தையும் முடித்துவிடுவார். எப்போதாவது வரும் நர்ஸ் தாளைப் பார்ப்பாளே தவிர, போர்வையை விலக்கியதில்லை. அதற்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

வெறும் சோம்பல் என்றால்கூட மன்னிக்கலாம். அவருக்கு அவள் கண்ணைப் பார்க்கப் பயம்; அதனால் எப்போதும் சுவர்ப்பக்கம்தான். வாதம் வந்த அன்று காலை, "என்னங்க, வாய் கோணுதுங்க" என்று சமையலறையில் சரிந்தவளை, "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா உன் நாடகத்தை?" என்று தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனவர். திரும்பியது சாயங்காலம். டாக்டரிடம், "இப்பதான் விழுந்தா" என்று கூசாமல் புளுகினார். உண்மை தெரிந்த ஒரே ஆள் இந்தக் கட்டிலில் கிடக்கிறாள்.

நேற்று நர்ஸ் போன் பண்ணினாள். "நாளைக்கு நாலு மணிக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சரைக் கூட்டிட்டு வரேன் சார். கண்ணைச் சிமிட்டியே அம்மா எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. உங்க பொண்ணுகிட்டகூடப் பேசலாம்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, பாவி. மயங்கிக் கிடப்பவள் யாரிடம் என்னத்தைச் சிமிட்டுவாள்?

"எப்படிடி திரும்பின நீ?"

தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் தள்ளினார். சொன்னபடி உருண்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். மின்விசிறியின் கரகரப்புக்கு நடுவே, உள்ளே விரிப்பு உரசும் சத்தம் கேட்டது. கட்டில் கால் தரையில் இழுபட்டது. நின்றது. மறுபடியும் இழுபட்டது. புண்ணின் நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்து அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

மூன்றரைக்குத் திறந்தார்.

வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோணல் வாய் கொஞ்சம் நேராகியிருந்தது.

தள்ளினார். அசையவில்லை. ஒட்டி உலர்ந்த உடம்பு, அம்மிக்கல்லாய்க் கனத்தது. நாலு மணிக்குள் இவளைத் திருப்பியாக வேண்டும். சுவரோரம் ஓர் ஆள் நுழைய இடம் இருந்தது. எப்போது வந்தது அந்த இடம்? யோசிக்க நேரமில்லை. உள்ளே நுழைந்தார். ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில். இழுத்தார்.

வந்தாள்.

மொத்தமாக வந்தாள். கட்டிலும் கூடவே வந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நெஞ்சு நசுங்கி, மெத்தைக்குக் கீழே சரிந்தார். விலா எலும்பு ஒன்று முறிந்தது. கத்த மூச்சில்லை. மெத்தை விளிம்புக்கு மேலே அவள் முகம். ஒரு விரற்கடை தூரம்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"சார்? சார்!" நர்ஸின் குரல். அறை வாசலில் நின்றது. "அவர் எங்கயோ வெளிய போயிருக்கார்போல டீச்சர். அம்மா நல்லாத் தூங்கறாங்க."

அவர் வாயைத் திறந்தார். விறகுக்கட்டையாய்க் கிடந்த அந்த வலது கை எழுந்தது. ஐந்து விரலும் விரிந்தன. சில்லென்று வாயைப் பொத்தின.

"எழுப்ப வேணாம், பாவம்" என்றது இன்னொரு குரல். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

செருப்புச் சத்தம் படி இறங்கியது. தெருவில் வண்டி கிளம்பியது.

கை இன்னும் இறுகியது. அவள் மூச்சு அவர் நெற்றியில் பட்டது. நிதானமாக, சீராக, தூங்குகிறவளைப்போல. கண் மட்டும் சிமிட்டவே இல்லை.