விரலுக்கு ஒரு விருந்து

அந்த அலறல் பதினாலாவது மாடி முழுக்கக் கேட்டது.

அலறியவள் ரொசால்பா. காப்பர் மூன் காஸினோ ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள்.

கட்டிலில் கிடந்தவள் நோரீன் ப்ரூயிட். உயிர் இல்லை. கழுத்தில் சுருள் சுருளாக ஒரு தடம்...

லாஸ் வேகாஸில் அந்தச் சுருளைத் தெரியாதவர் கிடையாது. காஸினோ கார்டைச் சட்டையோடு இணைக்கும் பிளாஸ்டிக் கயிறு. கார்டை மெஷினில் செருகி ஆடினால், பட்டனில் விழும் ஒவ்வொரு தட்டும் காஸினோவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

மறுநாள் மதியம்.

ரொசால்பா லாக்கப்பில். நோரீனுடையதைத் தவிர, கதவுப் பூட்டில் பதிவாகியிருந்த ஒரே சாவி அவளுடையது. சாயங்காலம் கொலைக் குற்றம் பதிவாகும்.

நோரீனின் கணவன் லீலண்ட்?

கீழே மெஷினில் ஆடிக்கொண்டிருந்தானாம். அவன் கார்டு அப்படிச் சொன்னது.

டிடெக்டிவ் ஸ்ட்ரௌட் அந்தக் கார்டை நம்பவில்லை. காஸினோவின் டேட்டா பிரிவில், ட்ரெவர் என்ற இளைஞன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கார்டு இருந்துச்சு. ஆள் இருந்தானா? கேமராவுல தொப்பியும் ஜாக்கெட்டும்தான் தெரியுது."

ட்ரெவரின் கண்கள் மின்னின.

"விரலைக் கேட்டாப் போச்சு, மேடம்."

"விரலையா?"

"ஒவ்வொருத்தர் தட்டுறதும் ஒரு மாதிரி. லீலண்ட் ஒரு தட்டு தட்டுவார், ஒரு வாய் பீர் குடிப்பார். ஜெயிச்சா நிறுத்தி ரசிப்பார். நேத்து ஆடின விரல் நிக்கவே இல்ல. பெரிசா ஜெயிச்சப்பக்கூட."

"அப்போ வேற ஆள்."

"இருங்க... இந்தத் தாளம் எங்ககிட்ட இருக்கு."

திரையில் ஒரு முகம் வந்தது. டார்லா.

நோரீனின் தங்கை!

ஸ்ட்ரௌட் மெல்ல நிமிர்ந்தாள்.

"இதை இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

"சிஸ்டம் நேத்தே கண்டுபிடிச்சிடுச்சு, மேடம். அவங்க ஆடிட்டிருக்கும்போதே."

"கண்டுபிடிச்சு?"

"லீலண்டைவிட மூணு மடங்கு வேகம். எழுந்து போயிடக் கூடாதில்லையா? சீட்டுக்கே ஸ்டேக் சாப்பாடு அனுப்பிச்சுது. இலவசமா."

ஸ்ட்ரௌட் கையிலிருந்த காபியைத் தள்ளி வைத்தாள்.

"மேல கழுத்தை நெரிச்சிட்டிருக்கான். கீழ நீங்க பரிமாறிட்டிருக்கீங்க."

"யார் ஆடறாங்கங்கறது முக்கியமில்ல, மேடம். ஒவ்வொருத்தருக்கும் இதுக்கு மேல தோத்தா எழுந்து போயிடற ஒரு இடம் உண்டு. அதுக்குச் சரியா முன்னாடி எங்க ஆள் ஏதாவது இலவசத்தோட சிரிச்சுக்கிட்டே பக்கத்துல போய் நிப்பார். அழகான வேலை."

"ரொம்ப அழகு. லீலண்டும் டார்லாவும் எவ்வளவு நாளா ஒண்ணா இருக்காங்க? அதுவும் தெரியுமா உங்க சிஸ்டத்துக்கு?"

"ஓ... நோரீன் மேடம் வராத நாள்ல பக்கத்துப் பக்கத்து மெஷின். சேர்ந்தே எழுந்து போவாங்க. ஜோடின்னு போன மாசமே முடிவு பண்ணிடுச்சு. 'லீலண்ட், டார்லா... உங்கள் இருவருக்கும் ஓர் அறை இலவசம்'னு மெசேஜும் அனுப்பிச்சுது."

"எந்த நம்பருக்கு?"

"லீலண்ட் கணக்குல இருக்கிற..."

ட்ரெவர் நிறுத்தினான். முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது.

"புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கணக்கு, மேடம். பாயிண்ட் சேர்ந்து ஏறும்னு அப்படித்தான் எல்லாரும் வெச்சிருப்பாங்க. நம்பர்... நோரீன் மேடத்தோடது."

அந்த இலவச அறையை நோரீனே எடுத்திருக்கிறாள். புருஷனை வரச் சொல்லி, கதவை அவளே திறந்து விட்டு, கேள்வி கேட்டிருக்கிறாள்.

அந்தச் சுருள்தான் பதில்.

ஸ்ட்ரௌட் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "லீலண்டையும் டார்லாவையும் தூக்குங்க. ரொசால்பாவை வீட்டுல கொண்டுபோய் விடுங்க. மன்னிப்பும் கேளுங்க."

வைத்ததுமே இன்னொரு போன் அதிர்ந்தது.

ஸ்ட்ரௌட் கொண்டுவந்திருந்த சாட்சிப் பொருள் உறைக்குள், நோரீனின் போன்!

'நோரீன், நேற்றிலிருந்து உங்களைக் காணோமே! நீங்கள் தங்கிய 1417-ஆம் அறை இந்த வாரமும் உங்களுக்கு இலவசம்.'

ட்ரெவர் அந்த மெசேஜை எட்டிப் பார்த்தான்.

"செத்துட்டாங்கன்னு குறிக்க சிஸ்டத்துல இடமில்ல, மேடம். 'வராம போகலாம்'னு மட்டும்தான் இருக்கு."

ஸ்ட்ரௌட் வாசலில் நின்று திரும்பினாள்.

"அப்போ ரூமை ரெடி பண்ணு, தம்பி. ரத்தக்கறை இல்ல, பயப்படாத... ஆனா நீயேதான் கழுவணும். ரொசால்பா இன்னிக்கு லீவு."